தன்னலமும் தியாகமும்

உயிர் படைத்த யாவும் தம்மை ஓம்பிக்கொள்ளுதலையே முதற்கடனாகக் கொண்டுள்ளன. நிழலில் முளைத்த செடி ஒளியை நாடி வளைகின்றது. தூக்கணாங்குருவி பகைக்கு எட்டாத கிளை நுனியிற் கூடு கட்டுகின்றது. பச்சிளங் குழவி பசித்தவுடன் அழுகின்றது. இவற்றைத் தன்னலம் என்று இகழ்வார் ஒருவருமிலர். ஆயினும், ஒருவன் பிறர் நலங் கருதித் தன் நலத்தை விடுத்தான் என்று கேட்குங்கால் நம் உள்ளம் உருகுகின்றது. தன்னை ஓம்புதல் இயற்கையாயின், தன்னை இழத்தல் இயற்கைக்கு முரண் அன்றோ? முரணாயின், அதனை அறங்களுள் தலையாயதாக வைத்துப் போற்றுதல் யாது பற்றி? இழப்பு யாவும் தியாகமாகுமோ? பிறரை நோக்கித் 'தியாகஞ் செய்க' என்று கேட்கும் உரிமை எவர்க்கு உண்டு? இவ்வினாக்களைத் தமிழ்ச் சான்றோர் கருத்துக்களைத் துணையாகவும், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததனைச் சான்றாகவுங் கொண்டு யாம் அறிந்த அளவில் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்களின் பொருளை நோக்குவாம். 'தன்னலம்' என்பது 'தன்', 'நலம்' என்னும் இரு சொற்களின் சேர்க்கை. நலம் தீயதன்று; 'தன்' என்பதும் தீயதன்று. ஒருவன் தன் உடலையும் கல்வியையும் பொருளையும் பேணானாயின், பிறர்க்கு உதவுவதற்கும் அவனிடம் ஒன்றும் எஞ்சாது. தன் நலத்தைச் சுற்றி வேலியிட்டு, அவ்வேலிக்கு அப்பாலுள்ளார் பசியும் பிணியும் தனக்கு ஒரு பொருட்டன்று என்று எண்ணுங்காலே அச்சொல் இழிபொருள் பெறுகின்றது. இனித், 'தியாகம்' வடமொழிச் சொல். 'விடுதல்' என்பதே ஆண்டு அதன் முதற்பொருள். தமிழில் வந்தபின் அது 'கொடை' என்னும் பொருளிலும் பயின்று வழங்கிற்று. நம் பழைய நூல்களில் தியாகி என்பான் கொடையாளியே. இப்பொருள் விரிவு கருதத்தக்கது. விடுதற்கு விடுவோன் ஒருவனே போதும். கொடைக்கோ பெறுவோன் ஒருவனும் வேண்டும். தன் பொன்னைக் கடலில் எறிந்தவன் பொன்னை இழந்தான்; பசித்தவனுக்கு ஈந்தவனே தியாகஞ் செய்தான். ஆதலின், எத்துணை இழந்தான் என்பது ஒன்றே தியாகத்திற்கு அளவாகாது. எவர் பொருட்டு இழந்தான் என்பதும் நோக்கற்பாலது.

திருவள்ளுவனாரும் இக்கருத்தினரே போலும். பற்றுக்களை விடுதல் பற்றி அவர் கூறும் 'துறவு' என்னும் அதிகாரம் துறவறவியலில் உள்ளது. அன்புடைய மாந்தர் தம் உடலின் எலும்பினையும் பிறர்க்கே உரிமையாக்குவர் என்ற கருத்தையோ அவர் ஆண்டு வைத்திலர். ஈகை அதிகாரத்தும் வைத்திலர். இல்லறவியலில், 'அன்புடைமை' என்னும் அதிகாரத்தில் வைத்தனர். உடலையே ஈயும் பெருஞ்செயலுக்கு வேர், உலகை வெறுத்தல் அன்று, உலகத்தாரை நேசித்தலே என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். அதியமான் நெடுமான் அஞ்சி பெறற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு அளித்ததும், அதன் சிறப்பை அவரிடம் முன்னர்க் கூறாது மறைத்ததும் புறநானூற்றால் அறிகின்றோம். தன் வாழ்நாளை அவன் வெறுத்தானல்லன். அக்கனி ஔவையார்பால் இருத்தல் நன்று என்று கருதினான். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் பாண்டியனும், அயலார் பொருட்டு உழைக்கும் சான்றோர் சிலர் இருத்தலானே இவ்வுலகம் அழியாது நிற்கின்றது என்னுங் கருத்தமையப் பாடியுள்ளான்.

இங்ஙனம் கூறக்கேட்டு, "இஃதெல்லாம் வெறும் மயக்கம், மனிதன் செய்வன யாவும் தன் பொருட்டே" என்று மறுப்பாரும் உளர். அவருள் தலைசிறந்தவராக எண்ணப்படுபவர் தாமஸ் ஹாப்ஸ் என்னும் ஆங்கில அறிஞர். 1651-இல் வெளிவந்த 'லெவயதான்' என்னும் பெருநூலில், மனிதனின் செயல்களுக்கெல்லாம் தன்னைக் காத்துக்கொள்ளும் வேட்கையை அவர் அடிப்படையாக வைத்தார். அவரைப் பற்றி ஜான் ஆப்ரி என்பார் ஒரு செய்தி எழுதி வைத்துள்ளார். ஹாப்ஸ் ஒருகால் தெருவில் நின்ற தளர்ந்த முதியவனுக்குப் பிச்சையிட்டனர். உடனிருந்த சமயவாணர் ஒருவர், கிறிஸ்துவின் கட்டளை இல்லையாயினும் ஈந்திருப்பீரோ என வினவினார். ஈந்திருப்பேன் என்று விடையிறுத்த ஹாப்ஸ், அம்முதியவன் துயரைக் காணத் தமக்கு நோவு உண்டாயிற்றென்றும், தாம் ஈந்த காசு அவன் துயரைத் தணித்தலோடு தம் நோவையும் தணித்ததென்றும் காரணங் கூறினர். இதனை விரித்தால், வீடுபேறு வேண்டி ஈபவனும், புகழ் வேண்டி ஈபவனும், மன அமைதி வேண்டி ஈபவனும் ஒருவாற்றான் வணிகரே என்று முடியும். கூர்மையான வாதமே இது. இதனைக் கேட்ட பின்னர், தாம் செய்த நற்செயல்களை ஐயுறாத மாணவர் அரியர்.

இதற்கு விடை கண்டவர் ஜோசப் பட்லர். பிற்காலத்தில் டர்ஹாம் நகரின் அத்தியட்சராக விளங்கிய இவர், 1726-இல் வெளியிட்ட பிரசங்கங்களில் இவ்வாதத்தின் பிழையை எடுத்துக் காட்டினார். அவர் கருத்தை நம் வழக்கிலமைந்த எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்குவாம். பசித்தவன் சோற்றை விரும்புகின்றான். உண்டபின் இன்பமும் எய்துகின்றான். ஆயின், அவன் பசி நாடியது சோற்றையே. முன்னர்ப் பசி இல்லையாயின் பின்னர் இன்பமும் இல்லை. அதுபோலவே, பிறன் துயர் தீர்ந்தவழி ஒருவன் மகிழ்வானாயின், அவன் துயர் தீர வேண்டும் என்னும் விருப்பம் இவன் நெஞ்சில் முன்னரே இருந்திருத்தல் வேண்டும். பிறனைப் பற்றி ஒரு சிறிதும் கருதாதவனுக்கு அம்மகிழ்ச்சி எங்ஙனம் தோன்றும்? முதியவனைக் கண்டு ஹாப்ஸ் நொந்தார் என்பதே அவர் உள்ளத்தில் அன்பு இருந்தமைக்குச் சான்று. அவர் தம் நூலினும் நல்லவராக இருந்தார் என்று யாம் மகிழ்கின்றோம்.

இனி, ஹாப்ஸ் வாழ்ந்த காலத்திலேயே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்பாம். இங்கிலாந்தில் டார்பிஷயர் என்னும் பகுதியில், ஷெப்பீல்டு நகருக்குத் தென்மேற்கே, மலைச்சாரலில் 'ஈம்' என்று ஒலிக்கப்பெறும் சிற்றூர் ஒன்று உளது. ஈயச் சுரங்க வேலையும் பயிர்த்தொழிலும் அவ்வூரார் பிழைப்பாக இருந்தன. 1665-இல் இலண்டன் மாநகரைப் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் பாழாக்கிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில் ஈம் ஊரிலிருந்த தையற்காரர் ஒருவர்க்கு இலண்டனிலிருந்து துணிக்கட்டு ஒன்று வந்தது. ஈரமாயிருந்த அத்துணியை அடுப்பருகே விரித்து உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் என்னும் பணியாளர் சில நாட்களில் நோயுற்று மாண்டார். செப்டம்பர் 7-ஆம் நாள் அடக்கஞ் செய்யப்பெற்றார். நோய் ஊரிற் பரவிற்று. குளிர்காலத்திற் சற்றுத் தணிந்து, 1666-ஆம் ஆண்டின் வேனிற் பருவத்தில் முன்னினும் மிகுந்து எழுந்தது. பொருளும் போக்கிடமும் உடையார் சிலர் ஊரை விட்டகன்றனர். ஏனையோரும் புறப்படும் நிலையில் இருந்தனர்.

அப்பொழுது அவ்வூர்க் குருவானவராக இருந்தவர் வில்லியம் மாம்பசன். முப்பது வயதும் நிரம்பாதவர், ஊருக்குப் புதியவர், ஊரார் அன்பை அதுகாறும் பெறாதவர். அவர்க்கு முன் குருவானவராக இருந்த தாமஸ் ஸ்டான்லி, அரசு விதித்த வழிபாட்டு முறைக்கு உடன்படாது பதவி இழந்தவர், ஊரார் மதிப்பிற்குரியவர். கொள்கையால் எதிர்நிலையில் நின்ற இவ்விருவரும் ஒன்றுகூடி, 1666 ஜூன் மாதத்தில் ஊர் மக்கள்முன் ஒரு வேண்டுகோளை வைத்தனர். நோய் அயலூர்களிற் பரவாதவாறு, ஊர் எல்லையை எவருங் கடவாது உள்ளேயே இருத்தல் வேண்டும் என்பதே அது. மக்கள் உடன்பட்டனர். எல்லைக் கல்லில் தோண்டிய குழிகளிற் காடியை ஊற்றி, அதனுட் காசுகளை இட்டனர். அயலூரார் அக்காசினை எடுத்துக்கொண்டு உணவுப் பொருள்களை வைத்தகன்றனர். கோயில் மூடப்பட்டது, வழிபாடு குன்றின் பள்ளத்தில் திறந்த வெளியில் நடைபெற்றது. மாண்டாரை அவரவர் வீட்டாரே வீட்டருகே புதைத்தனர். எலிசபெத்து ஹான்காக் என்னும் அம்மையார் ஆகஸ்டு மாதத்தில் எட்டு நாட்களுக்குள் தம் கணவரையும் ஆறு மக்களையும் தாமே அடக்கஞ் செய்தார். அம்மாதம் 25-ஆம் நாள் மாம்பசனின் மனைவி கதரீனும் மாண்டார். நவம்பர் மாதத் தொடக்கத்தில் நோய் ஓய்ந்தது. 76 குடும்பங்களில் நோய் புகுந்ததென்றும் 259 பேர் மாண்டனரென்றும் மாம்பசன் அம்மாதத்திற் கடிதம் எழுதினார். நோய் அண்டையூர்களுக்குப் பரவவில்லை.

ஆகஸ்டு மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் இந்நிகழ்ச்சியை நினைந்து வழிபடும் வழக்கம் அவ்வூரில் இருந்து வருகின்றது. இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் நெஞ்சு நெகிழ்கின்றது. ஆயினும், நெகிழ்ந்த நெஞ்சோடு நின்றுவிடுதல் ஆராய்ச்சியாகாது. மூன்று தடைகள் இங்கே எழுகின்றன.

முதலாவது, அவர்கள் தியாகத்தாற் பயன் உண்டாயிற்றோ என்பது. பிளேக்கு நோயின் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சின் கண்டறிந்தார். எலிகளின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி அதனைப் பரப்புதலைப் பின்னர் அறிஞர் தெளிந்தனர். மனிதர் எல்லை கடவாதிருக்கலாம். எலி எல்லைக் கல்லை மதியாது. ஆதலின், ஊரடைத்தலால் அயலூர்கள் எவ்வளவு காக்கப்பட்டன என்பதும், ஊரினுள் இறப்பு மிகுந்ததோ என்பதும் இன்றும் வாதத்திற்குரியன. ஆயின், செயலின் பயன் வேறு, செய்தார் மனப்பான்மை வேறு. தம் காலத்து அறிவு காட்டிய வழியில், அயலார் உயிரைக் கருதியே அவர்கள் நடந்தனர். அறிவு குறைந்தவிடத்துத் தியாகத்தின் பயனும் குறையலாம். அதன் தூய்மை குறையாது. அன்புள்ளவன் அறிவையும் தேட வேண்டும் என்பதே இதனால் யாம் பெறும் பாடம்.

இரண்டாவது, அவர்கள் தாமே விரும்பி நின்றனரோ என்பது. ஓடிப்போனால் அயலூரார் கல்லெறிந்து துரத்துவர் என்ற அச்சமும் அவர்க்கு இருந்திருக்கலாம். இக்கதையின் பல பகுதிகள் நூறாண்டு கடந்த பின்னரே விரிவாக எழுதப்பட்டமையின், சில இடங்களிற் புகழுரை வரலாற்றை மிஞ்சியிருத்தலுங் கூடும். ஒரு செயலுக்குப் பல காரணங்கள் கலந்திருத்தல் மனித இயல்பு. அச்சமும் அன்பும் ஒரே நெஞ்சில் இருந்தன என்பதால் அன்பு இல்லையாய்விடாது.

மூன்றாவதே கடினமானது. மாம்பசன் எல்லையை அடைப்பதற்கு முன்னரே தம் இரு குழந்தைகளையும் யார்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் பிழைத்தனர். மனைவியாரையும் செல்லுமாறு வேண்டியதாகவும், அவர் மறுத்துக் கணவரோடு நின்றதாகவும் கூறுவர். அவ்வம்மையார் செய்தது ஐயமின்றித் தியாகம். போக வழியிருந்தும் நின்றார். மாம்பசனும் தாம் கேட்ட துன்பத்தின் நடுவே தாமும் நின்றார். ஆயின், தம் குழந்தைகளைக் காத்துக்கொண்டவர் பிறர் குழந்தைகளை எல்லைக்குள் நிறுத்துதல் முறையோ? அவர் தம் மக்களை அனுப்பியதனை யாம் குற்றமாகக் கருதவில்லை. குழந்தையின் உயிர் தந்தையின் உடைமையன்று. தன்னதல்லாததனைக் கொடையாகக் கொடுத்தல் எவர்க்கும் இயலாது. ஆயின், அதே நியாயம் ஹான்காக் அம்மையாரின் ஆறு மக்களுக்கும் உரியதன்றோ? அவர்களை எவருங் கேட்டிலர். அச்சிறுவரையும் தியாகிகள் வரிசையில் வைத்துப் போற்றி நம் மனத்தை ஆற்றிக்கொள்ளுதல் எளிது. ஆயின் அது மெய்யன்று. பெரியோர் சிலர் தம்மைக் கொடுத்தனர்; சிறியோர் பலர் எடுக்கப்பட்டனர். ஈம் ஊரின் பெருமையும் அதன் தீராத துயரும் ஒரே எல்லைக் கல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

இவ்விடத்தில் எல்லைக்கு வெளியே நின்றாரையும் கருதல் வேண்டும். அருகிலிருந்த சாட்ஸ்வொர்த் மாளிகைக்குரிய டெவன்ஷயர்ப் பிரபு ஈம் ஊரார்க்கு உணவுப்பொருள் கிடைக்கச் செய்தார் என்பர். அப்பிரபு யார் எனின், இளமையில் தாமஸ் ஹாப்ஸிடம் கல்வி கற்ற மாணவரே! ஊரார் உள்ளே இருத்தல் அவர்க்கும் அவர் குடிகட்கும் பாதுகாப்பு. ஆதலின் அவர் அனுப்பிய உணவில் தன்னலமும் கலந்திருந்தது எனலாம். கலந்திருப்பினும் பழுதென்னை? பசித்தவர் உண்டனர். 1776-இல் ஆடம் ஸ்மித்து தம் பொருளியல் நூலிற் காட்டியவாறு, நாம் உண்ணும் அப்பமும் இறைச்சியும் அவற்றை விற்பார் தம் வருவாயைக் கருதுதலாலேயே நமக்குக் கிடைக்கின்றன. தன் நலமும் பிறர் நலமும் ஒருங்கே செல்லும் வழி உண்டாயின் அவ்வழியே செல்க. தியாகத்திற்கு ஆண்டு வேலையில்லை. இரண்டும் முரணி நிற்குமிடத்திலேதான் ஒருவன் தியாகத்தைப் பற்றி எண்ண வேண்டியவனாகின்றான். அங்ஙனம் ஒருவன் தியாகஞ் செய்யின், அதனாற் பயன் பெறுவோர் எல்லைக் கல்லில் உணவேனும் கொணர்ந்து வைத்தல் கடமை. 2020-இல் கொரோனா நோயின்பொருட்டு நாடு முழுதும் கதவடைத்தபோது, சிலர்க்கு அஃது ஓய்வாயிற்று. நாட்கூலி பெறுவார்க்கு உலை ஏறவில்லை. பிழைப்பு நாடி வந்த தொழிலாளர் பலர் கால்நடையாகவே தம் ஊர்க்கு மீண்டனர். எல்லார் பொருட்டும் சுமத்தப்பெற்ற சுமை எல்லார் தோளிலும் ஒப்ப அமையவில்லை.

இவ்வளவு தொலைவு செல்வதும் வேண்டா. நம் இல்லங்களை நோக்குவாம். எல்லாரும் உண்டபின் எஞ்சியதனை அடுக்களையில் இருந்து உண்ணும் தாயரை நாம் அறிவோம். தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தன் படிப்பை நிறுத்திய தமக்கையரையும் அறிவோம். அவர்களைத் தியாகத்தின் வடிவம் என்று மேடைகளிற் புகழ்கின்றோம். அவர்கள் தாமே விரும்பி அங்ஙனஞ் செய்தனராயின் அப்புகழ் தகும். வேறு வழி வைக்காது நாமே அவர்களைச் செய்வித்து, பின்னர்ப் புகழ்மாலை சூட்டுவோமாயின், நம் தன்னலத்திற்கு அவர்கள் தியாகம் என்று பெயரிட்டவர்களாவோம். ஒருவேளையேனும் அத்தாயை முதலில் அமரச் செய்து பரிமாறியதுண்டோ என்று யாம் எம்மையே வினவிக்கொண்டபோது, எமக்கு விடை கூற நாணமாயிற்று.

கிறிஸ்தவ மறை இவ்விஷயத்திற் காட்டும் நெறியை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். பிறனிடத்து அன்புகூர வேண்டும் என்று விதித்த ஆண்டவர், அவ்வன்புக்கு அளவாக வைத்தது ஒருவன் தன்னிடத்துக் கொண்ட அன்பையே. தன்னை வெறுப்பவனுக்கு அவ்வளவுகோல் பயன்படாது. உடலையே கொடுத்தாலும் அன்பு இல்லையாயின் அது வீண் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியர்க்கு எழுதினார். இழப்பின் பெருமை இழப்பில் இல்லை என்பதற்கு இதனினும் வன்மையான கூற்று யாம் கண்டிலேம். சிலுவையைப் பற்றி முன்னுரைத்த இயேசுபெருமான், தம் உயிரை எவரும் பறித்துக்கொள்ளவில்லை என்றும், தாமே அதனைக் கொடுப்பதாகவும் கூறியதனை யோவான் சுவிசேஷத்திற் காண்கின்றோம். அவர் தம்முடையதனைக் கொடுத்தார், பிறருடையதனைக் கொடுக்கவில்லை. தம்மைப் பிடிக்க வந்தோரிடம், தம் சீடரைச் சுட்டி, இவர்களைப் போகவிடுங்கள் என்று கேட்டதும் அச்சுவிசேஷத்திலேயே உளது.

ஆகவே, இதுகாறும் ஆராய்ந்தவற்றால் யாம் துணிந்தவற்றைத் தொகுத்துக் கூறுவாம். தன்னை ஓம்புதல் குற்றமன்று; பிறர்க்கு ஈதற்கும் அஃது அடிப்படையாம். தியாகமாவது வெற்றிழப்பன்று, பெறுவோன் ஒருவன் நலத்தை நோக்கி, அன்பினால், அறிவோடு கொடுக்குங் கொடை. கொடுப்பவன் தன்னுடையதனையே கொடுத்தல் வேண்டும். பிறரிடம் தியாகத்தைக் கேட்பவன், தானும் எல்லைக் கல்லுக்கு உட்புறத்திலேயே நிற்றல் வேண்டும். வெளிப்புறத்து நிற்க நேர்ந்தவனோ உள்ளிருப்பார்க்கு உணவு கொணர்தல் வேண்டும்.

நம்மிற் பலர்க்கு உயிரையே கொடுக்க வேண்டிய நாள் வாராதிருக்கலாம். ஆயின், எல்லைக் கற்கள் நம் விடுதியிலும் வகுப்பறையிலும் வீட்டிலும் நாள்தோறும் எதிர்ப்படுகின்றன. தேர்வுக்கு முந்திய இரவில் பாடம் விளங்காத தோழன் ஒருவன் கதவைத் தட்டுங்கால், நம் மதிப்பெண்ணும் அவன் தேர்ச்சியும் முரணி நிற்பதாகத் தோன்றும். அப்பொழுது எழுந்து கதவைத் திறப்போமாக. திறந்தபின், அவனுக்கு விளக்கியதனால் அப்பாடம் நமக்கும் நன்கு விளங்கிற்றாயின், அவ்வூதியத்தையும் நாணாது மகிழ்ந்து ஏற்றுக்கொள்வோமாக.